வேலையில்லாத டஸ்டர்

ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு டஸ்டர் இருந்தது. வந்து ஒரு வருஷம் ஆகியும் அதன் மேல் ஒரு பொட்டு சாக்பீஸ் தூள் பட்டதில்லை. அதற்கு அதுவே பெரிய மனக்குறை.

எல்லாம் பாடத்தை எழுதித் தொங்கவிடும் இந்தச் சார்ட்டுகளால் வந்த வினை. அங்கே படிக்கிற பெண்கள் ஆங்கில இலக்கணப் பாடம் நடத்திப் பழகும்போது, தோழிகளே குழந்தைகளாக நடித்து எதிரே உட்காருவார்கள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: என் சார்ட்டில் இருப்பதை மட்டும் நீ கேள், உன் சார்ட்டில் இருப்பதை மட்டும் நான் கேட்கிறேன். ஜிகினா ஒட்டிய சார்ட்டைத் தொங்கவிட்டு, வாசித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கரும்பலகையை யாரும் சீண்டுவதில்லை.

"நான் இருக்கும் இடத்தில் தப்பே நடக்காது. உனக்கு இங்கே என்ன ஜோலி?" என்று தொங்குகிற சார்ட் ஒவ்வொன்றும் டஸ்டரைக் கேட்கும். டஸ்டர் அழுக்குப்படாமல் மேஜை ஓரத்தில் கிடக்கும். வேறென்ன செய்யும், பாவம்!

அன்றைக்குச் சந்தனமாரியின் முறை. திங்கட்கிழமை அவள் பாடம் நடத்தப்போவது நிஜப் பள்ளிக்கூடத்தில், நிஜக் குழந்தைகளுக்கு. அதுகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டா வரும்? எதையாவது கேட்டுவைத்து, தான் திருதிருவென்று விழித்தால், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வகுப்புக்குள் போவது?

அவள் சார்ட்டைச் சுருட்டி மூலையில் வைத்தாள். சாக்பீஸை எடுத்து, நேற்று மாமா வீட்டுக்குப் போனதைச் சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதியதும் அவளுக்கே சந்தேகம்.

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மூலையில் சார்ட் முனகியது.

கடைசி பெஞ்சிலிருந்து ரிஸ்வானா மெதுவாகச் சொன்னாள்: "அது தப்புன்னு தோணுதுடி. ஆனா எது சரின்னு எனக்கும் தெரியல."

ஒப்பந்தம் அந்த நிமிஷமே உடைந்துபோனது. சந்தனமாரி டஸ்டரை எடுத்து ஒரு சொல்லை அழித்தாள், வேறொன்று எழுதினாள். ரிஸ்வானா ஓடிவந்து அதையும் அழித்தாள். இன்னொருத்தி இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தாள். ஏன் இப்படி, ஏன் அப்படி இல்லை என்று ஒரே வாக்குவாதம். மணி அடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை. வாக்கியம் ஒருவழியாகச் சரியானபோது, அது ஏன் சரி என்று எல்லோருக்கும் சொல்லத் தெரிந்திருந்தது. சந்தனமாரிக்குத் திங்கட்கிழமைப் பயம் போன இடம் தெரியவில்லை.

டஸ்டர் தலைமுதல் கால்வரை வெள்ளையாகி, தும்மிக்கொண்டு கிடந்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார், எத்தனை தப்பு! என்னிடம் ஒன்றாவது உண்டா?" என்றது சார்ட்.

"இல்லைதான்," என்றது டஸ்டர். "அதனால்தான் ஒரு வருஷமாக உங்கள் யாரிடமும் 'ஏன்' என்று ஒருத்தியும் கேட்கவில்லை."