சமையல்காரனின் தேமல்

அந்த மடத்தில் குருவை விடச் சீடருக்குத்தான் வயது அதிகம். சீடர் தாணுபிள்ளை மடப்பள்ளிக்குப் பொறுப்பு. சுத்தம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் வாசலில் நிறுத்துகிற மனுஷர்.

குருபூஜைக்கு முந்தின நாள் காலையில் அவர் குருவிடம் வந்து நின்றார். பின்னால் சமையல்காரன் ஆண்டியப்பன், துண்டால் மார்பை மூடிக்கொண்டு.

"சாமி, இவன் உடம்பெல்லாம் தேமல். இவன் கையால சாப்பிட மாட்டோம்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்கே அனுப்பிடலாம்."

ஆண்டியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோல் வியாதி என்று மடத்திலிருந்து துரத்தினவனை அப்புறம் எவன் வீட்டு அடுப்படியில் சேர்ப்பான்? பாவம், அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

"டாக்டரைப் பார்த்தியா?" என்று குரு அவனைக் கேட்டார்.

"பார்த்தேன் சாமி. இது ஒட்டுவாரொட்டி இல்லையாம். எல்லார் தோல்லயும் இருக்கிற பூஞ்சைதானாம். அது பாட்டுக்குச் சும்மா கிடக்குமாம். சூடும் வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தா பெருகிடுமாம்."

தாணுபிள்ளைக்குச் சுருக்கென்றது. "எல்லார் தோல்லயுமா? அப்ப என் மேலயும் இருக்கா?"

"இருக்கும்," என்றார் குரு.

"அப்படின்னா எனக்கு ஏன் சாமி வரலை?"

குரு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னைக்குச் சமையல் நீங்க பண்ணுங்க."

குரு வாக்கை மறுக்க முடியுமா? தாணுபிள்ளை குளித்தார். மடப்பள்ளி ஆசாரப்படி வேட்டியையும் மேல்துண்டையும் நனைத்துப் பிழிந்து உடுத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நைவேத்தியம் முடிகிற வரைக்கும் ஈரத்துணியோடுதான் நிற்க வேண்டும். அந்த ஆசாரத்தை இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்தவரே அவர்தான்.

விறகடுப்பு. சன்னல் கிடையாது. ஒரு பக்கம் சோறு கொதித்தது, இன்னொரு பக்கம் வடைச் சட்டி. துணியில் ஈரம் காய்வதற்குள் வேர்வை வந்து மறுபடி நனைத்தது. எண்ணெய்ப் புகை கழுத்தில் படிந்தது. சாம்பார் இறக்குவதற்குள்ளேயே மனுஷர் நெளிய ஆரம்பித்துவிட்டார்.

குரு நிலைப்படி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆண்டியப்பன்.

"சாமி," என்றார் தாணுபிள்ளை. "உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. கழுத்து அரிக்குது. காய்ஞ்ச துணி ஒண்ணு கட்டிக்கிடட்டுமா?"

"இதையே ஆண்டியப்பன் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"