பச்சைப்பயறு முகம் கழுவ வந்த கதை

அந்தக் காலத்தில், மரமும் செடியும் மனிதரோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தாள் சீனியம்மா. வேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, மூன்று நாள் புகையவிட்டுக் கரி எடுக்கிற வேலை. பகலில் அவளுடைய கைப்பிள்ளையை நாத்தனார் ஒச்சாயி பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் மழை வருகிறதே என்று அவசர அவசரமாக மூட்டத்தைப் பிரித்தாள். முகமெல்லாம் அட்டக்கரி. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், அது வீறிட்டு அலறி ஒச்சாயியின் தோளில் ஒட்டிக்கொண்டது. பால் கட்டி இவளுக்கு மார் வலிக்கிறது, பிள்ளைக்கோ நல்ல பசி. ஆனாலும் கிட்ட வரமாட்டேன் என்கிறது. சீனியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கரியைப் போக்க அவளுக்குத் தெரிந்தது சாம்பலும் தேங்காய் நாரும்தான். சட்டியைத் தேய்ப்பதுபோல முகத்தைத் தேய்த்தாள். கரி பாதி போயிற்று, தோலும் பாதி போயிற்று.

"முகமா, சோற்றுப்பானையா மதினி?" என்றாள் ஒச்சாயி.

வாசலில் நின்ற பூந்திக்கொட்டை மரம் மார்தட்டியது. "நான் இருக்க உனக்கென்ன கவலை? ஊர் நகையெல்லாம் என் நுரையில்தான் மின்னுகிறது."

அதன் காயைக் கசக்கித் தேய்த்தாள். நுரை பொங்கியது என்னவோ உண்மை. கண்ணுக்குள் போனதும், அப்பப்பா, என்ன எரிச்சல்! கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டன. அதைப் பார்த்துப் பிள்ளை முன்னைவிட ஓங்கி அழுதது.

அடுப்படிப் பானையிலிருந்து பச்சைப்பயறு மெல்ல வாய் திறந்தது. "என்னை அரைத்துப் பூசிப் பாரேன் தாயி."

"போதும்ப்பா உங்கள் வைத்தியம். பட்டதெல்லாம் பத்தாதா?"

"உடனே முகத்தில் வேண்டாம். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவு. எரிந்தால் என்னைக் கோழிக்குக் கொட்டிவிடு."

நியாயமான பேச்சாகப் பட்டது. திரிகையில் அரைத்து, தண்ணீரில் குழைத்து, முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டு காத்திருந்தாள். எரியவில்லை. பிறகுதான் முகத்தில் பூசி, காயுமுன் கழுவினாள். கரி கரைந்து ஓடியது. எரிந்த தோலும் குளிர்ந்தது.

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது. தாவி வந்து, கன்னத்தில் ஒட்டியிருந்த மாவை நக்கியது. ருசி பிடித்துவிட்டது போலும், மறு கன்னத்தையும் நக்கியது. அப்புறம் நேரே பாலுக்கு வாய் வைத்தது. சீனியம்மா சிரித்தாள், கண்ணீரும் வழிந்தது.

அன்று முதல்தான், எதை முகத்தில் பூசுவதானாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கிறோம். பிள்ளை பெற்றவளோ, மடியில் கிடப்பது எந்த நேரமும் கன்னத்தை நக்கும் என்று பயத்தம் மாவைத்தான் பூசிக்கொள்கிறாள்.