நாலு படிக்குக் குறைந்தவை

கிறீச்... களக். கிறீச்... களக்.

இருட்டு விலகும் முன்பே அந்தச் சத்தம் வந்துவிடும். கொன்றைக்கோட்டை மன்னர் தேவணர் கண் விழிப்பதே அதைக் கேட்டுத்தான். அரண்மனைக் கிணற்றுக் கமலையில் இரண்டு காளைகள் நீர் இறைக்கும் சத்தம் அது. மன்னருக்கு அது தெரியாது. விடியலே அப்படித்தான் சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அரண்மனையில் பிறந்தால் அப்படிச் சில சௌகரியங்கள்.

அந்த வருஷம் மந்திரி உலகநாதர், கடல் தாண்டி வந்த சீமைப் பசு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். பாற்கடல் என்று பெயரும் வைத்தார். அதற்கு விசிற நாலு ஆள். நாளுக்கு முப்பது குடம் தண்ணீர். ஆற்றங்கரையிலிருந்து வண்டி வண்டியாகப் பச்சைப்புல். ஆனால் பால் மட்டும் பன்னிரண்டு படி. மன்னர் வாயைப் பிளந்தார். திறந்த வாய் மூடுவதற்குள் மந்திரி ஒரு யோசனையை அதில் போட்டார். நம் நாட்டு மாடுகள் தண்டம். அவற்றைத் துரத்திவிட்டு, அவை மேயும் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தை என் வசம் விட்டால், அங்கே நூறு பாற்கடல்களைக் கட்டிக் காட்டுகிறேன் என்றார்.

சோதனை நடந்தது. பூவாத்தாள் என்று ஒருத்தி. பதினோரு மாடு வைத்துப் பிழைப்பவள். அவளுடைய சாம்பல் நிற மயிலைப் பசுவைச் சபைக்கு ஓட்டிவரச் சொன்னார்கள். கன்று குடிப்பது வீண் செலவு என்று மந்திரி அதைத் தூரத்தில் கட்டச் செய்தார். பசு கன்றிருந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. மடியை இறுக்கிக்கொண்டது. பாத்திரத்தில் ஒரு படிகூடத் தேறவில்லை.

"கன்னை விடாமக் கறந்தா அவ எப்படிங்க பால் இறக்குவா?" என்று கேட்டாள் பூவாத்தாள். சபையில் யார் காதிலும் அந்தக் கேள்வி விழவில்லை.

உத்தரவு பிறந்தது. மாடென்று இருப்பதில் நாலு படிக்குக் குறைவாகப் பால் தரும் எதுவும் எல்லைக்குள் இருக்கக் கூடாது. ஒரே நாள் கெடு.

பூவாத்தாள் நேரே அரசவை விகடகவி தொப்பணனிடம் போனாள். பதினோரு உருப்படியும் போய்விட்டால் நான் எந்த மடியைத் தொட்டுப் பிழைப்பேன் என்று கேட்டாள். தொப்பணன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, உன் பசுக்கள் ஈன்ற காளைக் கன்றுகளெல்லாம் இப்போது எங்கே என்று விசாரித்தான். இரண்டு அரண்மனைக் கமலையில், இரண்டு புல் வண்டியில், இரண்டு மந்திரியின் சவாரி வண்டியில் என்று அவள் விரல் மடக்கினாள். தொப்பணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான்.

உத்தரவை நிறைவேற்றும் வேலையை எனக்கே தர வேண்டும் என்று மன்னரிடம் கேட்டு வாங்கினான். எதிர்ப்பான் என்று நினைத்திருந்த மந்திரிக்குப் பரம சந்தோஷம்.

தொப்பணன் ஒரு பால் செம்போடு கிளம்பினான். பசுக்களை முதலில் அனுப்பினான். அப்புறம் கமலைக் காளையின் அடியில் செம்பை வைத்து, குனிந்து, வெகு நேரம் காத்திருந்தான். சொட்டு விழவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, இதையும் ஓட்டு என்றான். புல் வண்டிக் காளை, உழவுக் காளை, மந்திரியின் வண்டிக் காளை எல்லாவற்றுக்கும் அதே மரியாதை. சாயங்காலத்துக்குள் நாட்டு மாடு அத்தனையும் எல்லை ஓடைக்கு அக்கரையில் மேய்ந்தன. பூவாத்தாளும் அங்கேயே குடியிருந்தாள்.

மறுநாள் விடியல் சத்தம் போடவில்லை. வெயில் முகத்தில் சுட்டபிறகே மன்னர் எழுந்தார். குளிக்கத் தண்ணீர் இல்லை. விறகு வரவில்லை. சோற்றுக்குத் தயிர் இல்லை, நெய்யும் இல்லை. பாற்கடலின் பால் இருந்ததே என்றால், முப்பது குடமும் பச்சைப்புல்லும் இல்லாமல் அது மூன்றாம் நாள் சித்திரை வெயிலில் நாக்கைத் தள்ளிப் படுத்துவிட்டது. கறந்தால் அரைப் படி.

மன்னர் தொப்பணனைக் கூப்பிட்டுச் சீறினார். உத்தரவுப்படிதான் செய்தேன் என்றான் அவன். இரண்டு காதம் நடந்தே வந்திருந்த மந்திரி, பசுக்களைத்தானே சொன்னேன், காளைகளையா சொன்னேன் என்று மூச்சு வாங்கினார்.

"காளையை ஈனுவது எது மந்திரியாரே? தாயைத் துரத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ள, அது என்ன உங்கள் வீட்டு மருமகனா?" என்று கேட்டான் தொப்பணன்.

மன்னர் மீசைக்குள் எதையோ அடக்கினார். சரி, பாற்கடல் இப்போது எத்தனை படி என்றார். அரை என்றதும், அப்படியானால் அதுவும் எல்லை தாண்டட்டும் என்றார். அதற்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. வண்டியில் ஏற்றினார்கள். இழுக்கத்தான் ஒன்றுமில்லை. தொப்பணன் நுகத்தடியை மரியாதையாக மந்திரியிடம் நீட்டினான். கொண்டுவந்தவரே கொண்டுபோகட்டும் என்றார் மன்னர்.

மந்திரி தோள் கொடுத்தார். வண்டி அசையவில்லை. இன்னொரு தம் கட்டினார். தலைப்பாகைதான் அசைந்தது. அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

தொப்பணன் பால் செம்பை எடுத்துவந்து மந்திரியின் அடியில் வைத்தான். குனிந்து வெகு நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கினான்.

"மகாராஜா, இதுவும் நாலு படிக்குக் குறைவுதான்."

மன்னர் சிரித்த சிரிப்பு ஓடைக்கு அக்கரையில் கேட்டதாம். உத்தரவு கிழிந்தது. கொறங்காடு பூவாத்தாளின் மாடுகளுக்கே என்றானது. பாற்கடலையும் அவளிடமே விட்டார்கள். அது என்ன பாவம் செய்தது, யாரோ கூப்பிட வந்தது. தொப்பணனுக்கு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டார். இரண்டு வேளைக்குக் கட்டித் தயிர் போதும் என்றான்.

கிறீச்... களக்.

மறுநாள் அந்தச் சத்தம் கேட்டு மன்னர் விழித்தபோது, பூவாத்தாள் கன்றை அவிழ்த்து விட்டிருந்தாள். அது மடியை முட்டி முட்டிக் குடித்தது. மயிலை அதன் முதுகை நக்கிக் கொடுத்தது. மடி நெகிழ்ந்ததும் கன்றைத் தாயின் முன்னங்காலருகே கட்டிவிட்டு, காம்பைக் கழுவி, முழங்காலிடுக்கில் செம்பை வைத்துக்கொண்டு அவள் கறக்க உட்கார்ந்தாள்.