கத்தி போன வழி

பயிர் நோய்களைப் பற்றிப் படிக்க வந்தபோது பரஞ்சோதிக்கு வயது நாற்பத்தாறு. அவருக்கு வாய்த்த ஆசிரியை எஸ்தர் ஒன்பது வயது இளையவர். படிப்புக்கு வயது ஏது?

ஒருநாள் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பரஞ்சோதி களைத்துத் திரும்பினார்.

"கிருமியைக் கண்டுபிடிச்சிட்டேன் மேடம். கத்தரிக்கு வர்ற பாக்டீரியா வாடல். மூக்கையன்னு ஒரு விவசாயி தோட்டத்துல ஆரம்பிச்சு இப்ப ஏழு தோட்டம் போச்சு. எப்படிப் பரவுதுன்னுதான் பிடிபடல. கிணறும் வேற, நாத்து வாங்கின இடமும் வேற."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"பொறாமையில மூக்கையன்தான் செத்த செடியைக் கொண்டுபோய்ப் போட்டான்னு சொல்றாங்க. எவன் வரப்புலயும் அவன் கால் வைக்கக் கூடாதாம். அவன் தோட்டத்துக்குப் போக அடுத்தவன் வரப்புதான் வழி. வெங்காயம் பிடுங்க முடியாம உக்காந்திருக்கான்."

"அந்தத் தோட்டத்துக்கெல்லாம் நோய் வர்றதுக்கு முன்னாடியே நீங்க போயிருந்தீங்களா?"

போகாமல் இருக்க விடுவார்களா? ஊருக்குள் அவர் 'செடி டாக்டர்'. ஒரு தோட்டத்தில் தண்டை வெட்டிப் பார்த்தால் போதும், "எங்க செடியையும் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்க சார்" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். செடி நன்றாக இருப்பது தெரிந்தும், அவர்கள் மனம் நோகக் கூடாதென்று ஒன்றை வெட்டிப் பார்ப்பார். இதைப் பரஞ்சோதி பெருமையாகவே சொன்னார்.

"ஒவ்வொரு தடவையும் கத்தியை ஸ்பிரிட்ல துடைச்சீங்களா?"

"முதல்ல துடைச்சேன். அப்புறம் கைக்குட்டையில."

எஸ்தர் அவருடைய பையிலிருந்த கத்தியை எடுத்தார். தொட்டியில் வளர்ந்த மூன்று கத்தரிச் செடிகளின் தண்டைக் கீறினார். வேறொரு கத்தியை நெருப்பில் காட்டி, ஆறவைத்து, இன்னும் மூன்றைக் கீறினார்.

பத்தாம் நாள் முதல் மூன்று செடிகளும் பச்சை மாறாமலே தலை தொங்கின. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. இதற்குள் மூக்கையனின் வெங்காயம் பாதி அழுகிவிட்டதாகச் சேதி வந்திருந்தது.

வாடிய தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடிக்கச் சொன்னார் எஸ்தர். வெட்டுவாயிலிருந்து வடிகஞ்சி போல, கிருமிகள் கலந்த ஒரு வெள்ளை இழை மெல்ல இறங்கியது. அடப் பாவி, நானா என்று பரஞ்சோதி தன்னையே நொந்துகொண்டார். தண்டைக் கீழே வைத்தார்.

"அறிக்கையில கிருமியோட பேரை எழுதிட்டேன் மேடம். பரவின வழி தெரியலன்னு முடிச்சிரலாமா?"

எஸ்தர் அவருடைய கத்தியை எடுத்து நெருப்பில் காட்டினார்.

"நான்தான்னு ஊர்ல போய்ச் சொன்னா, அப்புறம் ஒருத்தனும் என்னைத் தோட்டத்துல கால் வைக்க விடமாட்டான்."

"மூக்கையனை இப்பவே விடறதில்லையே சார்" என்றார் எஸ்தர்.