பேச்சி மறைச்சு வச்ச பன்னெண்டு முட்டை

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. பேரு முத்துப்பேச்சி. சந்தையில கோழி வாங்கி விக்கிறவ.

'ம்' சொல்லுடி தங்கம். நீ 'ம்' போட்டாத்தான் அடுத்தது வரும், ஓசியில கதை கிடையாது. ஆங், அப்படி.

அந்தப் பேச்சிக்கு யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல. ஒத்தைக் கோழிய இடுப்புல இடுக்கிக்கிட்டு சந்தைக்குப் போனவ. போன முத நாளே ஒரு வியாபாரி அவ தலையில நொண்டிச் சேவலைக் கட்டிட்டான். அழுதாளா? ம்ஹூம். அவன் எப்படி ஏமாத்துனான்னு அங்கேயே உக்காந்து பொழுது சாயிற வரைக்கும் பாத்தா. பாத்து ஒண்ணு படிச்சுக்கிட்டா. எது நமக்கு வேணுமோ அதை மூஞ்சியில காட்டக் கூடாது. வாங்க வந்த கோழியப் பாக்கவே கூடாது, பக்கத்துக் கோழியத்தான் பாக்கணும்!

அதை வச்சே பொழைச்சா. வீடு கட்டினா. ஏசி வாங்கப் போன கடையில மிக்ஸியவே மொறைச்சுக்கிட்டு நின்னு, ஏசிய பாதி விலைக்குக் கொண்டாந்தா. கீஸரு, ஃப்ரிட்ஜு, துணி துவைக்கிற மிஷினு எல்லாமே அப்படி வந்ததுதான். புருஷன் சங்கிலியையும் அப்படித்தான் புடிச்சாள்னு ஊர்ல பேச்சு. அவன் அண்ணனைப் பாத்துக்கிட்டே இருந்தாளாம்!

சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அப்புறம் ஒரு சித்திரை மாசம். வெயில் மண்டையப் பொளக்குது. அப்போ பேச்சி வீட்டுல செவலைன்னு ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. முன்னாடி இடுப்புல இடுக்கிட்டுப் போனாளே, அந்தக் கோழியோட வம்சம். அதுல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். பன்னெண்டு முட்டை. இருவத்தொரு நாள்ல பொரியணும். பதினெட்டாம் நாள், தண்ணி குடிக்க வெளிய வந்துச்சு பாரு, தெரு நாயி ஒண்ணு லபக்குன்னு கவ்விக்கிட்டு ஓடிருச்சு.

பேச்சி வெளக்குமாத்தத் தூக்கிட்டு மூணு தெரு தொரத்துனா. ரெண்டு றெக்கைதான் கிடைச்சுது.

திரும்பி வந்தா, கூடையில முட்டை சூடாறிக்கிட்டு கிடக்கு. வம்சமே அந்தப் பன்னெண்டுலதான் இருக்கு. ஒரே ஓட்டமா ஓடி, கரண்ட்டுல குஞ்சு பொரிக்கிற பொட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அன்னைக்கும் பேரத்தை விடலையே! முட்டைய உள்ள வச்சு சுவிட்சப் போட்டா. க்ர்ர்ர்ர்ர்னு சூடு ஏறுச்சு. இன்னும் மூணே நாள்.

அப்போ பாத்து வாசல்ல ஒரு சத்தம். "அக்கா!" கரண்ட் ஆபீஸ்லேர்ந்து சபூரான்னு ஒரு அம்மா. கையில வெள்ளையா ஒரு சின்னப் பொட்டி.

"உங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் மாட்டிட்டேன்கா, உங்க வீடுதான் பாக்கி. சாயந்தரம் ஆறு மணியானா சூரியக் கரண்ட்டு படுத்துருது. அந்நேரம் பாத்து ஊரே ஏசி, மோட்டாரு, கிரைண்டருன்னு ஒண்ணா இழுக்குது. அப்போ இந்தப் பொட்டி டிங்குன்னு கேக்கும். பொறுத்துக்கிற சாமானெல்லாம் கொஞ்சம் கொறைச்சுக்கும், இல்ல தள்ளி வச்சுக்கும். எட்டு மணிக்கு மேல வேணும்ங்கிறத எடுத்துக்கலாம். உங்க வீட்டு அண்ணன் கையெழுத்துப் போட்டாச்சு."

பேச்சி புருஷன் பக்கம் திரும்புனா. "பேரம் பேசாமயா போட்ட?"

"பேனா குடுத்தாங்க, போட்டேன்" அப்படின்னான் சங்கிலி.

சபூரா கேட்டா, "எதைத் தொடவே கூடாதுன்னு சொல்லுங்கக்கா. பொட்டிகிட்ட சொல்லி வச்சுருவோம்."

இவ சொல்லணுமா வேணாமா? சொல்லணும்! ஆனா பேச்சி சந்தையில பழுத்தவளாச்சே. வேணும்ங்கிறத எதிராளிகிட்ட காட்டுவாளா? டபக்குன்னு ஒரு பழைய சேலைய எடுத்து முட்டைப் பொட்டி மேல போட்டா.

"அப்படி ஒண்ணும் இல்ல."

"சேலைக்கு அடியில என்னக்கா?"

"ஊறுகா."

"ஊறுகாய்க்கு எதுக்குடி ஒயரு?" அப்படின்னான் சங்கிலி. ஒரு மொறை மொறைச்சா பாரு, அவன் அடுக்களைக்குள்ள போயிட்டான்.

தூங்கிட்டியா? ம் சொல்லு. சரி.

முத நாள் சாயந்தரம் ஆறு மணி. டிங்... டிங்... பொட்டி பேசுச்சு. "அம்மா, ஊர்ல கரண்ட்டுக்கு இழுபறி. கொஞ்சம் கொறைச்சுக்கலாமா? வேணாம்னா சிவப்பு பட்டன அமுக்குங்க."

பேச்சிக்கு சுர்ருன்னு ஏறுச்சு. "என் வீட்டுல, நான் வாங்கின ஏசிய, நீ கொறைப்பியா?" டக்! அமுக்கிட்டா. அதோட விட்டாளா? தெருவுல எறங்கி ஒரே கத்தல். "யாரும் விட்டுக் குடுக்காதீங்க! இன்னைக்கு ஏசியக் கேக்கும், நாளைக்கு ஃபேனக் கேக்கும், நாளான்னைக்கு வீட்டையே எழுதிக் கேக்கும்!" அவ சொன்னா தெரு கேக்கும். டக், டக், டக், டக்குன்னு அத்தனை வீட்டுலயும் பட்டன அமுக்கிட்டாங்க.

பத்தே நிமிஷம். யாரும் கொறைக்கலன்னா ஆபீஸ் என்ன பண்ணும்? லைனையே நிறுத்திருச்சு. டொப்! தெரு பூரா இருட்டு.

க்ர்ர்ர் சத்தம் நின்னு போச்சு.

"ஐயோ, முட்டை! ஏய்யா, சட்டையக் கழட்டு. சம்மணம் போட்டு உக்காரு!" பன்னெண்டு முட்டையையும் சங்கிலி மடியில அடுக்கி, மேல கம்பளியப் போத்தி விட்டா. சித்திரைப் புழுக்கத்துல கம்பளி!

"என்னைக் கோழியாக்கிட்டியேடி."

"கொக்கரிக்காம உக்காரு."

"மூக்கு அரிக்குது."

"அசைஞ்ச, கூண்டுல போட்டுருவேன்."

அரை மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்துச்சு. முட்டை தப்பிச்சுது. சங்கிலிதான் பாதி வெந்துட்டான்.

அப்புறம் ரெண்டாம் நாள். பேச்சி யோசிச்சா. கொறைச்சாத்தான் விடுவாங்களா? சரி, கொறைக்கிறேன். நூறு ரூவாக் கோழிய நூத்தம்பதுன்னு சொல்லி, அம்பதைக் கொறைச்சுக் குடுக்குறதில்லையா? அதே மாதிரி மொதல்ல ஏத்தணும், அப்புறம் எறக்கணும். "ஆகா, எம்புட்டுக் கொறைச்சுட்டா!"ன்னு ஆபீஸே வாயைப் பொளக்கும்!

மத்தியானத்துலேர்ந்தே ஏசிய அடியோட குளுர விட்டா. கீஸரப் போட்டா. துணியே இல்லாம துணி மிஷின ஓட்டுனா. மாவே இல்லாம கிரைண்டரச் சுத்த விட்டா. கடகடகட, தடதடதட, ஸ்ஸ்ஸ்ஸ்... வீடே ஆடுது. பக்கத்து வீட்டு டெய்லரு ஏசுவடியான் எட்டிப் பாத்தான். "என்னக்கா இது?"

"பேச மாட்டேன்டா, தொழில் ரகசியம்." அப்படின்னு சொல்லி, அஞ்சே நிமிஷத்துல எல்லாத்தையும் சொல்லிட்டா. பெருமைதான். தெருவே அதே மாதிரி ஓட்டுச்சு.

ஆறு மணிக்குத்தானே எறக்கணும்? அஞ்சே முக்காலுக்கு முக்குல இருந்த கம்பத்துல படார்! நெருப்புப் பூ கொட்டுச்சு. கம்பத்து ஃபியூஸ் போச்சு.

"ஏய்யா..." அப்படின்னா பேச்சி.

சங்கிலி தானே சட்டையக் கழட்டிட்டு உக்காந்துக்கிட்டான்.

இந்தத் தடவ முக்கா மணி நேரம். பாதியில சங்கிலி திடுக்குன்னு நிமிந்தான். "பேச்சி, மடியில ஏதோ பேசுது." அவ குனிஞ்சு காதை வச்சா. முட்டைக்குள்ளேர்ந்து ரொம்ப மெதுவா, கீ... கீ...

கோவக்காரிக்கு கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. ஆனா யாரும் பாக்கல. இருட்டுல்ல.

ம்? அப்புறமா? அப்புறம் மூணாம் நாள். இன்னைக்குத்தான் பொரியணும். காலையில சபூரா வந்தா, வரும்போதே கத்திக்கிட்டு.

"ஏன்கா, ஒரு நாள் தெருவையே தூண்டி விட்டீங்க. மறுநாள் கம்பத்தையே வெடிக்க விட்டீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்!"

"ஏத்தி எறக்குனா நாங்க ஏமாந்துருவோமா? பத்து நாளா நீங்க எவ்வளவு இழுக்குறீங்கன்னு மீட்டர்ல பாத்துட்டுத்தானே கணக்கு வைக்கிறோம்!"

"நீ பெரிய கணக்குக்காரி, நான்..."

கீச்.

ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க.

கீச், கீச்.

சபூரா சேலையப் பாத்தா. "அக்கா, உங்க ஊறுகா கத்துது."

சங்கிலிக்கு சிரிப்பு அடக்க முடியல. பேச்சி சேலையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னா, நின்னா, அப்புறம் விட்டுட்டா. வாழ்க்கையில முத தடவையா எது வேணும்னு வாயத் திறந்து சொன்னா. "இதுக்கு மட்டும் கரண்ட் போகக் கூடாது தாயி. இது போனா என் கோழி வம்சமே போச்சு."

"இதைத்தானக்கா அன்னைக்கே கேட்டேன்! உங்களுக்கு எது உசுருன்னு சொல்லாம, பொட்டிக்கு எப்படித் தெரியும்?" சபூரா உக்காந்து பொட்டியில எழுதி விட்டா. முட்டைப் பொட்டிய எப்பவும் தொடக் கூடாது. "இப்ப மத்ததைப் பொட்டியே கேக்கும், பேசி முடிச்சுக்கங்க."

டிங். "அம்மா, கீஸரு?"

"மூணு மணிக்கே தண்ணியச் சுட வச்சுரு. மூடி வச்ச சூடு எட்டு மணி வரைக்கும் எங்க போகும்? ஆறுக்கு மேல தொடாத."

"துணி மிஷினு?"

"எட்டு மணிக்கு மேல ஓட்டிக்க."

"ஃப்ரிட்ஜு?"

"கதவத் திறக்கலன்னா ரெண்டு மணி நேரம் தாங்கும். திறந்தா இவன் கைய ஒடிக்கிறேன்."

"ஏசி அஞ்சு மணிக்கே வீட்டைக் குளுத்திரும்மா. அப்புறம் ரெண்டு டிகிரி ஏத்திக்கலாமா?"

"நாலு ஏத்திக்க!"

"ரெண்டே போதும்மா."

"நாலுங்குறேன்ல!"

"அது போதும்னு சொல்லுதுல்லடி!" அப்படின்னு அலறுனான் சங்கிலி. எதிராளி ரெண்டு கேட்டா நாலு குடுக்குற பேச்சிய அவன் பாத்ததே இல்ல.

சாயந்தரம் ஆறு மணி. டிங். பேச்சி வீடு சொன்னபடி அடங்குச்சு. க்ர்ர்ர் மட்டும் ஓடுது. அப்போ பொட்டி மறுபடியும் டிங்... டிங்...

"அம்மா, நம்ம வீடு சரி. தெருவுக்குத்தான் பத்தல. எல்லாரும் சிவப்பு பட்டன அமுக்கிட்டாங்க. நீங்க முத நாள் சொன்ன மாதிரியே. இன்னும் பத்து நிமிஷத்துல லைன நிறுத்திருவாங்க."

பேச்சி செருப்பு கூடப் போடாம ஓடுனா. ஏசுவடியான் கரண்ட் இஸ்திரிப் பெட்டிய வச்சு சட்டை தேய்ச்சுக்கிட்டு இருந்தான். "டேய், எட்டு மணி வரைக்கும் நிறுத்துடா! உள்ள என் முட்டை பொரியுது, கரண்ட் போனா செத்துரும்!"

ஏசுவடியானும் லேசுப்பட்டவனா? அவ மூஞ்சியப் பாத்தான். வேணும்னு அப்பட்டமா எழுதியிருக்கு. "குஞ்சு ஒண்ணு குடுப்பியாக்கா?"

"குடுக்குறேன்!"

"பேரம் பேசலையா?"

"நிறுத்துடா முண்டம்!" டக்.

அப்புறம் மாவு மில்லு அன்னக்கொடி. "எனக்கு நாலு வேணும்." சரி. டக். மிஷின் நின்னுச்சு. அப்புறம் ரெண்டு ஏசி வச்சிருக்கிற பேங்க்காரரு. "ஆறு குஞ்சு, அதுல ரெண்டு சேவல்." சரி, சரி, எடுத்துக்கங்க. டக், டக். மாடியில மோட்டாரு போட்டவங்க ஆறு. டக். அவ பின்னாடியே ஓடி வந்த சங்கிலி விரல் விட்டு எண்ணிட்டு, மூச்சு வாங்க சொன்னான். "ஏ பேச்சி, பதினேழு குஞ்சு சொல்லிட்ட. முட்டை பன்னெண்டுதான்."

"வாய மூடு, வீட்டுக்கு ஓடு!"

ஓடி வந்து பாத்தா... லைட்டு எரியுது. ஒரு தடவ மினுக்குன்னுச்சு. போயிருச்சோ? போகல. நின்னு எரிஞ்சுது. டிங். "தெரு போதும்மா."

அப்போ டிக். ஒரு முட்டையில கீறல் விழுந்துச்சு. டிக், டிக். ஈரமா, அசிங்கமா, செவலை நிறத்துல ஒரு தலை. கீச்! விடியறதுக்குள்ள பதினொண்ணு பொரிச்சு வந்துருச்சு. ஒண்ணு மட்டும் வாயே திறக்கல, பாவம்.

காலையில வாசல்ல கூட்டம். ஆளாளுக்குக் கூடையோட நிக்கிறாங்க. பதினேழு குஞ்சுக்கு ஆளு, உள்ள இருக்கிறது பதினொண்ணு. சங்கிலி கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான். பேச்சி நிதானமா வெளிய வந்து, வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னா.

"குடுக்குறேன்னு சொன்னேன். குடுப்பேன். பேச்சி வாக்கு மாற மாட்டா. ஆனா எந்தக் குஞ்சுன்னு சொன்னேனா? இதுக வளரணும், கோழியாகணும், முட்டை போடணும், அதுல வருதே, அந்தக் குஞ்சு."

"அடிப்பாவி! ஆறேழு மாசம் ஆகுமேக்கா!" அப்படின்னான் ஏசுவடியான்.

"ஆகட்டுமே. ஆனா ஒண்ணு. இதுக சின்னதுக. சூட்டுக்கு ராப்பகலா பல்பு எரியணும். ஆறு மணிக்கு எவனாவது மோட்டாரு போட்டு, பட்டன அமுக்கி, லைன் போச்சுன்னு வையி... போறது என் குஞ்சு இல்ல, உங்க குஞ்சு!"

கூட்டம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிச்சு. கூடையக் கவுத்திக்கிட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு. பொட்டி இன்னும் டிங்குன்னு கூட சொல்லல. அதுக்குள்ள இஸ்திரிப் பெட்டி டக். மாவு மில்லு டக். மாடி மோட்டாரு டக். எதுத்த வீட்டுல யாரோ தெரியாம கிரைண்டரப் போட்டுட்டாங்க. ஏசுவடியான் ஊசிய வாயில கவ்விக்கிட்டே தெருவுக்கு ஓடி வந்து கத்துனான்.

"யாருடா அது? நிறுத்துங்கடா! உள்ள எங்க குஞ்சு தூங்குது!"

அவ்வளவுதான். குஞ்சு தூங்கிருச்சு, தெருவும் அடங்கிருச்சு, கதையும் றெக்கைக்குள்ள தலைய வச்சுக்கிச்சு. இனி 'ம்' கூட போட வேணாம். கண்ண மூடு, தூங்கு.