தண்ணீர் பற்றிய மூன்றாவது வரி

தில்லைநாயகம் ஓட்டக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். டாக்டரான பிறகு மேற்படிப்பில் அவருக்கு உடலியல் கற்றுக்கொடுத்தவர் ரெஜினா. அவரைவிட வயதில் எட்டு வருஷம் இளையவர்தான். என்றாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று நாளாகத் தூக்கமில்லாமல், அன்று பிற்பகல் டீச்சர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரத்தானில் குயிலி என்ற பெண் வலிப்பு வந்து விழுந்தாள். வழியில் இருந்த ஒவ்வொரு பந்தலிலும் நின்று நின்று தண்ணீர் குடித்திருக்கிறாள். ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கிவிட்டது. இன்று காலைதான் கண் திறந்தாள். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள் என்று, மாரத்தானுக்கு முன் நடந்த ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் அவளுக்குச் சொன்னவர் தில்லைநாயகம்.

"நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன், டீச்சர்."

"ஆமா," என்றார் ரெஜினா.

அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து வைத்தார்.

'ஓடும்போது தண்ணீர் கூடாது.' இந்த முதல் வரி ரெஜினாவின் ஆசிரியர் எழுதியது. அதை நம்பி வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் உண்டு. வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே ரெஜினாவின் கையெழுத்தில், 'தாகத்துக்கு முன்பே குடி.' அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு தேதி. அதற்கும் கீழே, 'தாகம் எடுத்தால் குடி.'

தில்லைநாயகம் தேதியைப் பார்த்தார். ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"எனக்குச் சொல்லலையே."

வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள் என்றார் ரெஜினா. பதினோரு பேரைத் தேடிப்பிடித்துச் சொன்னாராம். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டாராம்.

தில்லைநாயகத்துக்குச் சண்டை போடத்தான் தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சாயங்காலம் அதே ஓட்டக்காரர்கள் மறுபடி கூடுகிறார்கள். இனிமேல் பேச வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார்.

நோட்டின் கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டார்.

"இந்த மூணாவது வரியும் ஒருநாள் அடிபடுமா?"

"கீழே இடம் விட்டிருக்கேன்."

"அப்ப இன்னைக்கு அவங்ககிட்ட நான் எதைச் சொல்ல?"

ரெஜினா எழுந்து வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தப்பாச் சொன்னதுல இருந்து ஆரம்பிக்கலாம். முதல்ல நான் பேசுறேன்."