ஒற்றைப் பெட்டி

பழைய ஸ்பீக்கர்களைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் வஹிதா உடனே பதில் சொல்ல மாட்டார். அறையைப் பார்க்க வேண்டும் என்பார். வானொலியில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தவர். அந்த வேலையை விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். பலர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் டீச்சர் என்றுதான் அழைத்தார்கள்.

செங்குட்டுவன் அவர்களில் ஒருவர். உறையூர்க்காரர், வெங்காய மண்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிறு மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் அவர் போகவில்லை.

"டீச்சர், வீட்ல ஹோம் தியேட்டர் போடப் போறேன். எல்லாம் பழைய ஸ்பீக்கர் பெட்டிங்களா பாத்து இறக்கியிருக்கேன். எதை எங்க வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

"எதுக்கு?"

"படம் பாக்கத்தான்."

"படம் பாக்கறவர் மூஞ்சி இப்படி இருக்காதே."

செங்குட்டுவன் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பக்கத்து வீட்டுச் சத்தத்தை அமுக்கணும், டீச்சர். அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்ல யாரு?"

"தம்பி."

வஹிதா செருப்பை மாட்டிக்கொண்டார்.

அது ஒரே வீடு. அப்பா போன பிறகு நீளவாக்கில் பிரித்திருந்தார்கள். கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழும்பியிருந்தது. அப்பா ஆசையாக வாங்கிய ஸ்பீக்கர்கள் ஒரு ஜோடி. தேக்குப் பெட்டி, இடுப்பு உயரம். இடப்பக்கப் பெட்டி அண்ணனுக்கு, வலப்பக்கப் பெட்டி தம்பிக்கு. பாகம் பிரிக்க வந்த பெரியவர்கள், எல்லாம் சரிபாதி என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செங்குட்டுவனின் பாதிக் கூடத்தில் நடக்க இடமில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த வெவ்வேறு பெட்டிகள். வஹிதா உள்ளே வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சண்டைக் காட்சி தொடங்கியது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"பாத்தீங்களா? ஆள் வர்றது தெரிஞ்சுதான் வைக்கிறான்."

செங்குட்டுவன் பாய்ந்து தன்னுடையதைப் போட்டார். அவர் மனைவி மங்கையர்க்கரசி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். காதுகளில் பஞ்சு இருந்தது. டீச்சரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

"அணைங்க," என்றார் வஹிதா.

"அவனை முதல்ல அணைக்கச் சொல்லுங்க."

"நான் உங்ககிட்டதான் பேசறேன்."

செங்குட்டுவன் அணைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் நின்றது.

வஹிதா எந்தப் பெட்டியையும் தொட்டுப் பார்க்கவில்லை. வாசலோரம் சாக்குப் போட்டுக் கட்டி வைத்திருந்த ஒன்றின் முன்னால் போய் நின்றார். சாக்கின் கீழே தேக்கு தெரிந்தது.

"இது எங்க போகுது?"

"பழைய ஸ்பீக்கர் கடைக்காரருக்கு. இதை எடுத்துக்கிட்டு அதோ அந்த மூணு பெட்டியையும் தர்றார். ஆட்டோ அனுப்பறேன்னிருக்கார்."

"அவர் இதை என்ன பண்ணுவார்?"

"பிரிச்சு உள்ள இருக்கறதை எடுத்துப்பாராம். ஒற்றைப் பெட்டி, டீச்சர். ஒண்ணை வச்சு நான் என்ன பண்றது?"

"இதோட ஜோடி?"

செங்குட்டுவன் குரலை உயர்த்தினார். "அதை ஏன் கேக்கறீங்க. அப்பா வச்ச இடத்துலயே வச்சு, அது மேல மீன் தொட்டி வச்சிருக்கான். வேட்டித் துணியால அப்பா தினமும் துடைச்ச பெட்டி. அது மேல தண்ணி சொட்டுது. கேட்டா, என் பங்கு, நான் என்ன வேணா பண்ணுவேங்கறான்."

"நீங்க உடைக்கக் கொடுக்கறீங்க."

"இது என் பங்கு," என்றார் செங்குட்டுவன்.

 வஹிதா குனிந்து சாக்குக் கயிற்றை வெடுக்கென்று இழுத்து அவிழ்த்தார். அவர் கோபப்பட்டு செங்குட்டுவன் பார்த்ததில்லை.

"தூக்குங்க. இது எங்க இருந்துச்சோ அங்க வைங்க."

"டீச்சர், ஆட்டோ..."

"வைங்க."

மொசைக் தரையில் பெட்டி நின்ற இடம் மட்டும் நிறம் மங்காமல் இருந்தது. செங்குட்டுவன் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் நிறுத்தினார்.

"ஜோடிப் பெட்டின்னா எங்க உட்கார்ந்து கேக்கணும்? மாடியில எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"ரெண்டுக்கும் சம தூரத்துல. அப்பதான் பாடறவங்க நடுவுல, ஒண்ணுமே இல்லாத இடத்துல வந்து நிப்பாங்க."

"உங்கப்பா எதுல உட்காருவார்?"

"இரும்பு நாற்காலி. அதை யாரும் நகர்த்தக்கூடாது. விளையாட்டுல நகர்த்திட்டு ரெண்டு பேரும் அடி வாங்கியிருக்கோம்."

"எங்க கிடந்துச்சு?"

செங்குட்டுவன் நடுச்சுவர்ப் பக்கமாகக் கையைக் காட்டினார். சுவரை ஒட்டி ஒரு சோபா கிடந்தது. வஹிதா அதைத் தள்ளினார். முட்டிபோட்டுத் தூசியைக் கையால் விலக்கினார். தரையில் வட்டமாக இரண்டு துருக்கறைகள், ஒன்றன்பின் ஒன்றாக, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

"இது ரெண்டு கால். மத்த ரெண்டு எங்க?"

செங்குட்டுவன் சுவரைப் பார்த்தார். 

"அதுக்கு நான் என்ன பண்றது? சுவர் வேணும்னு கேட்டது அவன்."

"பொய் சொல்லாத," என்றது சுவர். அந்தப் பக்கம் மிக அருகில் தம்பி நெடுமாறன் நின்றிருக்க வேண்டும். "கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தது நீ."

"ஒட்டுக் கேக்கறியா?"

"நீ பேசறதை ஒட்டி வேற கேக்கணுமாக்கும். மார்க்கெட் வரைக்கும் கேக்குது."

"மீன் தொட்டி வைக்கிற மூஞ்சிக்கு..."

"நீ ஆட்டோல ஏத்தறியே, அது மட்டும் என்ன? அப்பாவை எடைக்குப் போடற மாதிரி..."

வஹிதா உள்ளங்கையால் சுவரை ஓங்கித் தட்டினார். இரண்டு பக்கமும் அடங்கின.

"நெடுமாறன், நான் வஹிதா பேசறேன். சுவரோரமா உங்க பக்கம் தரையில துருக்கறை இருக்கா, பாருங்க."

 பிறகு எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. எதுவோ இடித்து மீன் தொட்டித் தண்ணீர் தளும்பியது. 

"ரெண்டு இருக்கு," என்றார் நெடுமாறன். குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. "சார், ஏத்திரலாமா?"

செங்குட்டுவன் வாசலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் யார்மேல் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எதை எங்க வைக்கணும்னு கேட்டேன், டீச்சர். நீங்க இன்னும் சொல்லவே இல்ல."

வஹிதா எழுந்து கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார்.

"பெட்டி ரெண்டும் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. உட்கார்ற இடத்துலதான் சுவர் இருக்கு."

ஹாரன் மறுபடி அடித்தது. செங்குட்டுவன் துருக்கறைகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் நெடுமாறனும் எழுந்து போன சத்தம் கேட்கவில்லை.